கடைக்கோடிக் குழாய் வரை: கடலூர் வட்டாரத்தில் பொதுக்குடிநீரைத் தூய்மைப்படுத்திக் காக்கும் முறை

ஒரு தெருவின் குடிநீர் பாதுகாப்பானதா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர், மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியின் அடியில் நின்று அண்ணாந்து பார்ப்பதைவிட, அந்தத் தொட்டியிலிருந்து ஆகத் தொலைவில் தண்ணீர் கடைசியாகச் சென்று சேரும் குழாயடிக்கு ஒரு சோதனைக் குழலுடன் போவது நல்லது. அங்கே பிடித்த தண்ணீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் (கிருமிகளைக் கொன்றது போக நீரில் மிஞ்சி நிற்கும் குளோரின்) இருக்க வேண்டும் என்கிறது குடிநீருக்கான இந்தியத் தர அளவுகோலான ஐ.எஸ். 10500 : 2012. வைரஸ் தொற்று பரவும் அச்சம் இருக்கும் காலத்தில் அந்த அளவு 0.5 மில்லிகிராமாக உயர வேண்டும். கிணற்றிலிருந்து குழாய் வரை செய்யப்படும் எல்லா வேலைகளுக்கும் இந்தச் சிறிய எண்ணே மதிப்பெண் போடுகிறது என்பதால், கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படியும் அதை நோக்கியே செல்கிறது. ஊராட்சித் தொட்டி இயக்குபவர்கள், வார்டு அளவில் குடிநீரைக் கவனிக்கும் மகளிர் குழுவினர், குடியிருப்போர் சங்கத்தினர் ஆகியோரை மனத்தில் கொண்டு இது எழுதப்படுகிறது.

முதல் படி: நீர் எங்கிருந்து வருகிறது என்று அறிதல்

கடலூர் மாவட்டத்துக்கு ஒரு விசித்திரம் உண்டு. வீராணம் ஏரியின் நீர் சேத்தியாத்தோப்பிலிருந்து வடக்குத்துக்கு ஏற்றப்பட்டு, அங்கே முறையாகச் சுத்திகரிக்கப்பட்டு, காடாம்புலியூர் வரை மீண்டும் ஏற்றப்பட்டு, அதன் பிறகு இயல்பான சரிவிலேயே சென்னைப் போரூருக்கு ஓடுகிறது. நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் கொள்ளளவுடைய அந்தச் சுத்திகரிப்பு நிலையம் நம் மாவட்டத்தில் நின்றாலும், அதைச் சுற்றியுள்ள ஊர்களில் பெரும்பாலோர் குடிப்பது ஆழ்துளைக் கிணற்று நீரைத்தான். கேப்பர் மலையின் செம்மண்ணுக்குக் கீழே விரிந்து கிடக்கும் பாறை அடுக்குக்கு நிலவியலில் ‘கடலூர் மணற்கல்’ என்றே பெயர். அதில் ஊறி நிற்கும் நிலத்தடி நீரே இவ்வட்டாரத்தின் முதற்பெரும் குடிநீர்ச் சேமிப்பு.

நிலத்தடி நீருக்கும் ஏரி நீருக்கும் மருத்துவம் வேறு. மணலடுக்குகளில் வடிந்து வந்த ஆழ்கிணற்று நீர் கலங்கலின்றித் தெளிவாக இருக்கும். அதில் கவனிக்க வேண்டியவை இரும்பு, உப்பு, கடினத்தன்மை போன்ற கரைபொருள்கள். ஏரி, ஆற்று நீரிலோ கலங்கலும் கிருமிகளும் முன்னே நிற்கும். ஆகவே உங்கள் தொட்டிக்கு எந்தக் கிணறு நீர் தருகிறது, அதன் ஆழம் எவ்வளவு, உறைக்குழாய் (கிணற்றின் உட்சுவராக இறக்கும் குழாய்) எதுவரை இறக்கப்பட்டிருக்கிறது என்ற மூன்று விவரங்களையும் பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். பழைய கிணறுகளுக்கு இவற்றைச் சொல்ல ஆளே இல்லாமல் போவதுண்டு. கிணறு தோண்டியவரோ மோட்டார் இறக்கியவரோ ஊரில் இருக்கும்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

கிணற்றின் தலைப்பகுதியை நேரில் பாருங்கள். உறைக்குழாய் தரையிலிருந்து ஓரடிக்கு மேல் எழும்பி, மூடி இறுகி, சுற்றிலும் வெளிப்புறமாகச் சரியும் சிமெண்ட் மேடை இருக்க வேண்டும். மேடை வெடித்திருந்தால் மழைநீர் உறைக்குழாயின் வெளிச்சுவரை ஒட்டியே கீழே இறங்கிவிடும். கழிவறைக் குழியோ சாக்கடையோ 50 அடிக்குள் இல்லாதிருப்பது நல்லது. தேவனாம்பட்டினம் போன்ற கடற்கரை மணலில் அந்த இடைவெளியை இன்னும் கூட்டிக்கொள்ள வேண்டும், ஏனெனில் பருமணல் கிருமிகளைப் பிடித்து வைப்பதில்லை.

கடற்கரையை ஒட்டிய கிணறுகளுக்கு மற்றொரு கணக்கும் உண்டு. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், அதன் எடை கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை உப்புநீரைத் தள்ளி வைக்கும். அதே விகிதத்தில், அளவுக்கு மீறி இறைத்து நன்னீர் மட்டத்தை ஒரு மீட்டர் இறக்கினால் உப்புநீர் பல மடங்கு மேலேறி வரும். ஒருமுறை உப்பேறிய கிணறு எளிதில் திரும்புவதில்லை. எனவே ஒரே மோட்டாரை நாள் முழுவதும் ஓட்டாமல், இரண்டு கிணறுகளில் நேரத்தைப் பிரித்து இறைப்பதும், மே மாதத்திலும் மழை முடிந்த பிறகும் குளோரைடு அளவைச் சோதிப்பதும் நல்லது. குளோரைடுக்கு ஏற்கத்தக்க வரம்பு லிட்டருக்கு 250 மில்லிகிராம். வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 1000 வரை அனுமதி உண்டு. பெயரில் ஒற்றுமை இருந்தாலும் குளோரைடு என்பது உப்பின் கூறு. கிருமி கொல்லும் குளோரின் வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு, உப்புக் கரிக்கும் நீரில் ‘மருந்து அதிகம்’ என்று புகார் எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் படி: இரும்பை வெளியேற்றுதல்

குடத்தில் பிடிக்கும்போது கண்ணாடி போல் இருந்த தண்ணீர் சற்று நேரத்தில் செம்பழுப்பாக மாறி, அடியில் துருப்பொடி தங்கினால் அது கரைந்த இரும்பு. நிலத்தடியில் காற்றுப் படாமல் கரைந்து கிடந்த இரும்பு, காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டவுடன் கரையாத துருவாகத் திரிகிறது. இதே இயல்பைத்தான் சுத்திகரிப்பிலும் பயன்படுத்துகிறோம்: நீரைப் படிப்படியான மேடைகளில் விழச் செய்தோ துளைத்தட்டுகளில் சிதறவிட்டோ காற்றேற்றி, படியவிட்டு, மணல் வடிப்பானில் செலுத்தினால் துரு மணலில் நின்றுவிடும்.

இரும்பினால் உடம்புக்குப் பெரிய தீங்கில்லை என்று சொல்லி இந்தப் படியைத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. அவர்கள் மறப்பது குளோரினை. ஒரு மில்லிகிராம் இரும்பு ஏறத்தாழ 0.6 மில்லிகிராம் குளோரினைத் தின்றுவிடும். லிட்டருக்கு இரண்டு மில்லிகிராம் இரும்புள்ள நீரில் ஒரு மில்லிகிராம் குளோரின் இட்டால், கிருமிகளுக்கென்று ஒன்றும் மிஞ்சாது. குழாயின் உட்சுவரில் படியும் துருவழுக்கு கிருமிகளுக்குக் குடியிருப்பாகவும் ஆகிவிடும்.

மூன்றாம் படி: கலங்கலைத் தெளியவைத்தல்

இந்தப் படி ஏரி, ஆற்று நீருக்கு மட்டுமே உரியது. கலங்கிய குடத்தில் தேற்றாங்கொட்டையை உரசித் தெளியவைத்த நம் பாட்டிமார் செய்ததையே, சுத்திகரிப்பு நிலையம் படிகாரத்தைக் கொண்டு பெரிய அளவில் செய்கிறது. தானாகப் படியாத நுண்ணிய களிமண் துகள்கள் ஒன்றையொன்று விலக்கி மிதக்கின்றன; படிகாரம் அந்த விலக்கத்தைப் போக்கி, அவற்றைத் திரள வைக்கிறது. முதலில் வேகமாகக் கலக்க வேண்டும், பிறகு திரள்கள் உடையாதபடி மெல்லக் கிளற வேண்டும், அதன் பின் அசையாமல் படியவிட வேண்டும். படிகாரத்தின் அளவு நாளுக்கு நாள் மாறும் என்பதால், வரிசையாக ஆறு கண்ணாடிக் குவளைகளில் வெவ்வேறு அளவு இட்டுப் பார்த்து, எது குறைந்த மருந்தில் நன்கு தெளிகிறதோ அதையே அன்றைய அளவாகக் கொள்வார்கள். மழை பெய்த மறுநாள் நேற்றைய அளவை இடுவது பயன் தராது.

தெளிந்த நீர் மணல் வடிப்பானில் இறங்கி வரும்போது கலங்கல் 1 என்.டி.யூ. (கலங்கலை அளக்கும் அலகு) அளவுக்குள் இருக்க வேண்டும். இந்த வரம்பு கண்ணுக்கு அழகாகத் தெரிவதற்காக வைத்ததன்று. மண்துகளுக்குள் ஒளிந்திருக்கும் கிருமியைக் குளோரின் தொடாது; குளோரினுக்கே அசையாத சில ஒட்டுண்ணிகளைப் பிடிக்கக்கூடியது வடிப்பான் மட்டுமே.

நான்காம் படி: குளோரின் இடுதல்

இதுவே இவ்வழிகாட்டியின் நடுப்பகுதி. ஊராட்சித் தொட்டிகளில் தவறு மிகுதியாக நடப்பதும் இங்கேதான்.

நீரில் இடும் குளோரினை மூன்று பங்காக எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு பங்கை இரும்பு, அம்மோனியா, கரிமப் பொருள் முதலியவை உண்டுவிடும். ஒரு பங்கு கிருமிகளைக் கொல்வதில் செலவாகும். மிஞ்சுவதே வழித்துணையாகக் குழாயில் கூடவே செல்லும் எஞ்சிய குளோரின். முதல் பங்கு ஊருக்கு ஊர் மாறுவதால், ‘ஆயிரம் லிட்டருக்கு இத்தனை கிராம்’ என்ற பொது வாய்பாடு தொடக்கத்துக்கு உதவுமே ஒழிய முடிவாகாது.

கணக்கு எளிது. 30,000 லிட்டர் தொட்டிக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் வேண்டுமென்றால் மொத்தம் 60 கிராம் குளோரின் தேவை. புதிய பிளீச்சிங் பவுடரில் பயன்படும் குளோரின் நூற்றுக்கு 30 பங்கு அளவில் இருப்பதால், 200 கிராம் பவுடர் போதும். அதே பவுடர் வாய் திறந்த மூட்டையில், நீரேற்று நிலையத்தின் தகரக் கூரை வெப்பத்தில் சில மாதங்கள் கிடந்து 15 பங்காக இறங்கியிருந்தால் 400 கிராம் தேவைப்படும். இயக்குபவர் வழக்கம்போல் 200 கிராம் இட்டு, பதிவேட்டில் ‘குளோரின் இடப்பட்டது’ என்று எழுதுவதில் பொய் ஏதும் இல்லை; ஆனால் நீரில் பாதிதான் இருக்கும். ஆகவே சிறு பொட்டலங்களாக வாங்கி, காற்றுப் புகாத பிளாஸ்டிக் வாளியில், நிழலில், வாங்கிய தேதியுடன் வைக்க வேண்டும்.

இடும் முறையிலும் வரிசை உண்டு. ஒரு பிளாஸ்டிக் வாளியில் தேவையான பவுடரைச் சிறிது நீர் விட்டுக் குழைத்து, பிறகு வாளி முக்கால் நிறையும் வரை நீர் சேர்த்துக் கலக்கி, பத்துப் பதினைந்து நிமிடம் அசையாமல் வையுங்கள். சுண்ணாம்பு அடியில் தங்கும். மேலே தெளிந்த கரைசலை மட்டும் வடித்து எடுத்து, தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு நீர் ஏறிய நிலையில், நீர் விழும் இடத்திலேயே ஊற்ற வேண்டும். விழும் நீரே அதைக் கலந்துவிடும். நிறைந்த தொட்டியின் ஒரு மூலையில் ஊற்றினால் அது அந்த மூலையிலேயே நிற்கும். பவுடரைத் துணியில் கட்டித் தொங்கவிடும் பழக்கத்திலோ எவ்வளவு கரைந்தது என்று எவராலும் சொல்ல முடியாது. கையுறையும் முகக்கவசமும் அணிந்துகொள்ளுங்கள். கழிவறை கழுவும் ஆசிட் இருக்கும் இடத்துக்குப் பிளீச்சிங் பவுடரைக் கொண்டு போகவே கூடாது. இரண்டும் கலந்தால் எழும் குளோரின் வாயு மூச்சுக்குழலைப் புண்ணாக்கிவிடும்.

தொட்டி நிறைந்தபின் 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். குளோரின் கிருமியைத் தொட்டவுடன் கொல்வதில்லை. அதற்கு அவகாசம் வேண்டும். நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 8-க்குக் கீழும், கலங்கல் குறைவாகவும், எஞ்சிய குளோரின் 0.5 மில்லிகிராமும் இருந்தால் அரை மணி நேரம் போதுமானது. பி.எச். ஏற ஏறக் குளோரினின் கொல்திறன் இறங்கும். காலையில் மின்சாரம் வந்தவுடன் மோட்டாரைப் போட்டு, தொட்டி பாதி நிறைந்ததும் வால்வைத் திறந்துவிடும் அவசரத்தில் இந்த அரை மணி நேரம்தான் முதலில் பலியாகிறது. இரவே நிரப்பி, காலையில் திறப்பது இதற்கு எளிய மாற்று. இயக்குபவரை மட்டும் குறை சொல்லவும் மனம் வரவில்லை. ‘இன்னும் தண்ணி விடலையா’ என்று வாசலில் வந்து நிற்பவர்கள் நாம்தானே.

ஐந்தாம் படி: தொட்டியைக் கழுவுதல்

பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை தொட்டியைக் கழுவி, தேதியைத் தொட்டியின் சுவரிலேயே எழுதுவது நம் ஊராட்சிகளின் வழக்கம். எழுத்து புதிதாகவும் வண்டல் பழையதாகவும் இருப்பதும் உண்டு என்பதால், கழுவும் நாளில் உடனிருந்து பார்ப்பது நல்லது. வெளிப்போக்கு வால்வை மூடி, வண்டல் வெளியேற்றும் வால்வைத் திறந்து, அரையடி நீர் இருக்கையில் சுவரையும் தரையையும் தேய்த்து, அழுக்கு நீரை முழுக்க வடிக்க வேண்டும். பிறகு செறிவான பிளீச்சிங் கரைசலைச் சுவர்களில் தெளித்து அரை மணி நேரம் கழித்து அலச வேண்டும். ஒருவர் உள்ளே இறங்கினால் மற்றொருவர் வாய்ப்பகுதியில் நிற்க வேண்டும். மருந்து தெளித்தவுடன் உள்ளே ஆள் இருக்கக் கூடாது.

மூடிக்குப் பூட்டும், காற்றுக் குழாய்க்கும் வழிந்தோடும் குழாய்க்கும் வலையும் இருக்க வேண்டும். பூட்டு எதற்கு என்று கேட்பவர்களுக்கு, 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியல் இன மக்கள் குடிக்கும் தொட்டியில் மலம் கலக்கப்பட்ட கொடுமை ஒன்றே பதில்.

ஆறாம் படி: குழாய்வழியைக் காத்தல்

நாள் முழுவதும் அழுத்தத்தோடு நீர் நிற்கும் குழாயில் ஓட்டை விழுந்தால் நீர் வெளியே பீறிடும். ஒரு மணி நேரம் விட்டு நிறுத்தப்படும் குழாயிலோ, நீர் வடியும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, அதே ஓட்டை வழியாகச் சுற்றியுள்ள சாக்கடை நீர் உறிஞ்சப்படும். நம் ஊர்களில் விநியோகம் இரண்டாம் வகை என்பதால், ஒவ்வொரு கசிவும் தண்ணீர் வீணாகும் இடம் மட்டுமன்று, கழிவு உள்ளே நுழையும் வாசலும் ஆகும்.

தெருவில் நடந்து சென்று மூன்று இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலாவது, சாக்கடையைக் குடிநீர்க் குழாய் கடக்கும் இடம். இரண்டாவது, வால்வுக் குழி. அதில் நீர் தேங்கியிருந்தால் வால்வு நனைந்து கிடப்பது அழுக்கில்தான். மூன்றாவது, அழுத்தம் குறைந்த தெருக்களில் வீட்டு வாசலில் குழி தோண்டி, தரைமட்டத்துக்குக் கீழே வைத்திருக்கும் குழாய். மழைக்காலத்தில் அந்தக் குழி நிறைந்து குழாயின் வாய் மூழ்கும். நீர் நின்றதும் குழியிலுள்ளது குழாய்க்குள் திரும்பிச் செல்லும். ஒரு வீட்டின் குழி ஒரு தெருவுக்கே வயிற்றுப்போக்கைக் கொடுத்துவிடலாம். இணைப்புக் குழாயிலேயே மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சுவதும் இதே வெற்றிடத்தைப் பெருக்கும் குற்றம். அப்படி உறிஞ்சுகிறவர் அண்டை வீட்டாரின் பங்கை மட்டுமல்லாமல் சாக்கடையையும் சேர்த்தே இழுக்கிறார்.

குழாய் முடியும் முட்டுச்சந்துகளில் நீர் தேங்கிப் பழையதாகும் என்பதால், அங்குள்ள வால்வை மாதம் ஒருமுறையாவது திறந்து அழுக்கை வெளியேற்ற வேண்டும். வீட்டில் பிடிப்பவர்கள் முதல் சில குடங்களைப் பாத்திரம் கழுவவும் செடிக்கு ஊற்றவும் வைத்துக்கொண்டு, அதன் பின் வருவதைக் குடிக்கப் பிடிப்பது நல்ல பழக்கம்.

ஏழாம் படி: சோதித்தல்

எஞ்சிய குளோரினைச் சோதிக்கக் குளோரோஸ்கோப் என்ற சிறு பெட்டி போதும். ஆர்த்தோடோலிடின் துளிகள் இட்டால் நீர் மஞ்சளாகும். அதன் அடர்த்தியை நிற அட்டையோடு ஒப்பிட வேண்டும். துளி இட்ட சில நொடிகளிலேயே பார்த்துவிட வேண்டும், தாமதித்தால் கொல்திறன் குறைந்த கூட்டுக் குளோரினும் சேர்ந்து நிறத்தைக் கூட்டிக் காட்டும். ஆர்த்தோடோலிடின் நச்சுத்தன்மை உடையதாதலால் சோதித்த நீரைக் குடத்தில் திரும்ப ஊற்றக் கூடாது. இளஞ்சிவப்பு நிறம் தரும் டி.பி.டி. மாத்திரை கிடைத்தால் அதுவே மேலானது.

மலக்கிருமி இருக்கிறதா என்று அறிய ஹைட்ரஜன் சல்ஃபைடு குப்பி உதவும். நீரை ஊற்றி வைத்து ஓரிரு நாளில் கறுத்தால் கழிவு கலந்திருக்கிறது என்று ஐயம் கொள்ளலாம். உறுதியான விடைக்கு மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்: அதற்கென்று தரப்படும் கிருமி நீக்கிய குப்பியில், குழாயைச் சில நிமிடம் ஓடவிட்டபின் பிடித்து, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். 100 மில்லிலிட்டரில் மலக்கிருமியான ஈ.கோலி ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது தர விதி. கிருமிச் சோதனை மழைக்கு முன்னும் பின்னும் என ஆண்டுக்கு இருமுறை, வேதிச் சோதனை ஒருமுறை என்பது குறைந்தபட்ச நடைமுறை.

வெள்ளத்துக்குப் பின்

2011 டிசம்பரின் தானே புயலையும், 2015 பெருமழையையும், 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலை அடுத்துத் தென்பெண்ணை கரைமீறியதையும் கண்ட மாவட்டத்தில் இப்பகுதியை விட்டுவிட முடியாது. மூழ்கிய ஆழ்துளைக் கிணற்றை நேராகப் பயன்படுத்தக் கூடாது. ஆறு அங்குலக் கிணற்றில் 60 மீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால் அதன் கொள்ளளவு ஏறத்தாழ ஆயிரம் லிட்டர். லிட்டருக்கு 100 மில்லிகிராம் என்று கணக்கிட்டு, ஏறக்குறைய 350 கிராம் நல்ல பவுடரின் தெளிந்த கரைசலைக் கிணற்றில் ஊற்றி, ஓரிரவு விட்டு, மறுநாள் காட்டமான வாடை நீங்கும் வரை வெளியே இறைத்துக் கொட்ட வேண்டும். அதன் பிறகு கிருமிச் சோதனை. முடிவு வரும் வரை வீடுகளில் நீரைத் தளதளவென்று கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்லுங்கள். கடல்நீர் ஏறிய கிணற்றுக்குக் கொதிக்க வைப்பதும் குளோரினும் பயன்படா. உப்பை அவை நீக்குவதில்லை.

கடைக்கோடியில் குளோரின் இல்லையென்றால்

சோதனைக் குழலில் நிறமே வரவில்லை என்றால், மருந்தைக் கூட்டுங்கள் என்று உடனே சொல்லிவிடாமல், நீர் வந்த வழியே பின்னோக்கி நடக்க வேண்டும். முதலில் தொட்டிக்கு அருகிலுள்ள குழாயில் சோதியுங்கள். அங்கும் இல்லையென்றால் குறை தொட்டியில்: பவுடர் பழையதா, அளவு தவறா, இரும்பு மிகுதியா, அன்று மருந்தே இடவில்லையா என்று பார்க்க வேண்டும். தொட்டியருகே 0.5 இருந்து கடைசியில் மறைந்தால் குறை குழாய்வழியில். தெருவின் நடுவிலுள்ள குழாயில் ஒருமுறை, அதற்கும் கடைசிக்கும் நடுவே மறுமுறை என்று பாதி பாதியாகக் குறுக்கிக்கொண்டே போனால், நான்கைந்து சோதனைகளில் அளவு திடீரென்று விழும் இரண்டு குழாய்கள் அகப்படும். அந்த இரண்டுக்கும் நடுவில் சாக்கடையைக் கடக்கும் குழாயோ, நீர் தேங்கிய வால்வுக் குழியோ, வாசல் குழியோ இருக்கிறதா என்று தேடி, கதவு எண்ணையும் நேரத்தையும் அளவையும் குறித்து, அந்தத் தாளைப் புகாரோடு இணைத்துக் கொடுங்கள். ‘தண்ணீர் சரியில்லை’ என்ற கடிதத்தைப் பார்த்துவிட்டு ஃபிட்டர் எந்தத் தெருவில் தோண்டுவார்? அளவு விழுந்த இடம் குறித்த தாள் கையில் இருந்தால், கடப்பாரையை எங்கே போட வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.